நாற்பத்திரண்டில் பதினேழு போனால்

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுக்களில் தேர்த்திருவிழாக் கூட்டம். "எட்டாம் வகுப்பு அறிவியல், இந்த வாரப் பாடக்குறிப்பு யாராவது போடுங்க சார்" என்று ஒருவர் கேட்பார். ஐந்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்து விழும். அதன் கீழே கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசை கட்டும். திங்கட்கிழமை காலை அந்தப் பாடக்குறிப்பு, அதே கற்றல் விளைவுகளோடும் அதே எழுத்துப் பிழைகளோடும், பல பள்ளிகளின் மேசைகளில் இருக்கும். தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

இதைத்தான் 'ஆசிரியர்களின் கற்றல் சமூகம்' என்று மேடைகளில் மெச்சுகிறார்கள். பகிரப் பகிரக் கற்பித்தல் மேம்படும் என்பது இன்று கேள்வி கேட்கப்படாத வேதவாக்கு. வாட்ஸ்ஆப் 2022இல் ஒரு குழுவின் வரம்பை 256 பேரிலிருந்து 512ஆக்கி, அதே ஆண்டில் 1024ஆகவும் உயர்த்தியது. எங்கள் அட்மின்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரம் ஆசிரியர்கள் ஒரே கூரையின் கீழ்! அந்தக் கூரையின் கீழே என்ன நடக்கிறது என்று பார்த்தால், அலுவலகத்துக்குக் காட்ட வேண்டிய காகிதம் கைமாறுகிறது. வகுப்பறை கைமாறவே இல்லை.

எடுத்துப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இருவர் சமாளித்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு, இடையில் பாடக்குறிப்பும் எழுது என்றால் யார்தான் ஃபார்வர்டைத் தேட மாட்டார்கள்? 'ரெடிமேட் கேட்டுக் கேட்டு வாத்தியார்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள்' என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. படிக்கப்படாத ஒரு காகிதத்தை எழுதச் சொன்னால் அது படிக்கப்படாமலே நகலாகும். என் சண்டை வேறு. அந்த நகலெடுப்பைத் தொழில் வளர்ச்சி என்று கொண்டாடுகிறோமே, அதோடுதான்.

போன ஆண்டு என் ஆறாம் வகுப்பில் 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னேன். ஒன்பது பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒன்பது பேரும் ஒரே பெஞ்சில் இல்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "எப்படிம்மா வந்தது?" என்றேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல சார், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன். பெரிய நம்பர்லருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க." யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாங்கள்தான். ஒன்றாம் வகுப்பில் ஓரிலக்கக் கழித்தலுக்கு வசதியாகச் சொன்ன ஒரு வாக்கியம், ஐந்து ஆண்டுகள் அவள் கூடவே நடந்து வந்திருக்கிறது.

அன்று இரவு இதைக் குழுவில் எழுதினேன். மூன்றாவது நிமிடம் நாற்பது பக்கக் கழித்தல் பயிற்சித்தாள் ஒன்று வந்தது. பிறகு ஒரு கடன் வாங்கிக் கழித்தல் வீடியோ. பிறகு யாரோ ஒருவர் பள்ளி ஆண்டு விழாப் படங்களைப் போட, பேச்சு அதோடு போயிற்று. நாற்பது பக்கம் போட்டாலும் அந்தப் பெண் நாற்பது பக்கத்துக்கும் அதே முறையில்தான் கழிப்பாள். பயிற்சி கூடக் கூடத் தவறுதான் உரம் ஏறும்.

காகிதம் மட்டும் கைமாறுவதில் புதுமை ஒன்றுமில்லை. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்ததை நினைத்துப் பாருங்கள். 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து அட்டைகளைத் தயாரித்தார்கள். எந்த அட்டைக்கு அடுத்து எது, ஏன் என்று ஒருவருக்கொருவர் வாதாடாமல் அந்த வேலை நடந்திருக்காது. 2007-08இல் அது மாநிலம் முழுக்க வந்தபோது எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது அட்டைகள் மட்டும். அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியை ஒட்டினோம், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினோம், ஆய்வுக்கு வந்தவர்களிடம் காட்டினோம். அந்த வாதம் எங்களுக்கு வரவே இல்லை. அன்று லாரியில் வந்தது இன்று பிடிஎஃப்பாக வருகிறது, அவ்வளவே.

அப்படிப்பட்ட வாதத்துக்கென்றே ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று ஒரு வழக்கம் உண்டு. தமிழில் 'பாட ஆய்வு' எனலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஆசிரியரின் குரலையோ கரும்பலகையையோ இல்லை; குழந்தை எந்த இடத்தில் தயங்கியது, நோட்டில் எதை எழுதி எதை அழித்தது என்பதை. வகுப்பு முடிந்ததும் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு பாடம், ஐந்தாறு பேர், முழுதாக ஒரு மாலை. எங்கள் குழுவின் கணக்குப்படி இது படு நஷ்டமான பகிர்வு.

இங்கே அப்படிப் பேச இடமே இல்லையா? பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் அது தொடங்கப்பட்டதும். ஆனால் அங்கே புரொஜெக்டரில் ஓடும் பயிற்சிக் காணொளியை முடிக்கவே மதியமாகிவிடுகிறது. பிறகு குரூப் போட்டோ. அந்தப் போட்டோவும் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

குழுவில் தோல்வியை யாரும் எழுதாததற்குக் காரணம் கூச்சம் மட்டும் இல்லை. எங்கள் குழுவில் அதிகாரிகளும் இருக்கிறார்கள். 'என் வகுப்பில் ஒன்பது பேருக்குக் கழித்தல் வரவில்லை' என்பது ஆசிரியர் கண்ணுக்குக் கேள்வி, அதிகாரி கண்ணுக்கு வாக்குமூலம். பதிவு போட்ட மறுநாள் எனக்கும் விசாரிப்பு வந்தது: "என்ன சார், உங்க ஸ்கூல் ரொம்ப வீக்கா?" அதற்குப் பிறகு ஆண்டு விழாப் படம் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் பதிவு போட்ட அன்று இரவே பத்தரைக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. பக்கத்து ஒன்றியத்து டீச்சர், முன்பின் பேசியதில்லை. "சார், என் கிளாஸ்லயும் அதே முப்பத்தஞ்சுதான். குரூப்ல சொல்ல பயமா இருந்துச்சு." முக்கால் மணி நேரம் பேசினோம். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, பதினேழைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் பிள்ளைகள் தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கிறார்கள் என்றார் அவர். ஆனால் அதையே தாளில் எழுதச் சொன்னதும் மறுபடியும் 35 வருகிறதாம். ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை குச்சிக்கட்டோடு அவர் பள்ளிக்குப் போவதாக ஒப்புக்கொண்டேன். இதைக் குழுவில் போட வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.