ஸ்டூல் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளியான குதிகால் வலி பற்றிய கட்டுரை பயனுள்ளது. 40 வயதைத் தாண்டுவது, உடல் பருமன், தட்டைப் பாதம், இறுகிய கெண்டைக்கால் தசை என்று காரணங்களைச் சரியாகவே அடுக்கியிருந்தது. ஆனால், கடினமான தரையில் நாள் முழுக்க நிற்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது குறைதான்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். காலடியில் கிரானைட் தரை. கவுண்டருக்கு உள்ளே செருப்பு போடக் கூடாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குவது போலிருக்கும். நாலு அடி நடந்தால் தணியும், சாயங்காலம் மறுபடி வரும். உள்ளங்காலில் உள்ள தசைநார் ஓயாமல் இழுபடுவதால் வருவது என்றார் மருத்துவர். எங்கள் பிரிவில் 30 வயதைத் தொடாத பெண்களுக்கும் இந்த வலி உண்டு.

ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஸ்டூல் வந்தது உண்மை. அதில் சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார்.

ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் இருக்கையை எண்ணுவதோடு நிறுத்தாமல், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார விடுகிறார்களா என்று ஊழியர்களைத் தனியே விசாரிக்க வேண்டும். கடை உரிமையாளர்களும் கவுண்டருக்குப் பின்னால் ரப்பர் விரிப்பு போட்டு, மெத்தென்ற செருப்பு அணிய அனுமதித்தால் நல்லது. பெரிய செலவில்லை, எங்கள் கால்களுக்குப் பெரிய ஆறுதல்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர், மதுரை