நடைக்கும் அளவு எழுதித் தர வேண்டும்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் மறுபரிசோதனைக்கு வரும்போது, "நடக்கிறீர்களா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். பல வேளைகளில் அவர் வாய் திறப்பதற்குள் உடன் வந்த மகளோ மகனோ முந்திக்கொண்டு, "அப்பாவை அசையவே விடுவதில்லை, டாக்டர்" என்று பெருமையோடு கூறுகிறார்கள். அந்தப் பரிவை நாங்கள் குறை கூறமாட்டோம். அது ஒரு காலத்தில் மருத்துவர்களே கற்பித்ததுதான். மாரடைப்பு கண்டவர் வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் அத்தகையோரை நாற்காலியில் அமரவைத்துப் பேணிய முறையை 1952இல் வெளியிட்டபோது, அதுவே துணிச்சலாகத் தோன்றியது.

இன்று நடைதான் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆயினும் மாத்திரைக்கு வேளையும் அளவும் எழுதும் நாங்கள், நடைக்கு மட்டும் "வாக்கிங் போங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறோம். இது எங்கள் பிழை.

தெருவோர நடைபாதையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெயர்ந்த கல்லும் நிறுத்திய வண்டிகளும் அங்கே ஒருவரைச் சீராக நடக்க விடுவதில்லை. அண்ணா நகர்வாசிகளுக்கு டவர் பூங்கா இருக்கிறது: மேடு பள்ளமற்ற பாதை, மரநிழல், எல்லாவற்றினும் மேலாக உட்காருவதற்கு இருக்கைகள். களைத்தால் அமரலாம் என்ற உறுதி இருந்தால்தான் அஞ்சிய மனிதர் முதல் அடியை எடுத்துவைப்பார். (1968இல் வணிகக் கண்காட்சிக்காக எழுப்பிய அந்தக் கோபுரத்தில் ஏறும் ஆசையைச் சில மாதம் ஒத்திவையுங்கள்.)

பெரும்பாலோர் காலையும் மாலையும் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்ற அளவை எட்டலாம். இதயத்தின் இயங்குதிறன் குறைந்தவர்களுக்கு இந்த அளவு வேறுபடும். உணவு உண்ட உடனே நடக்க வேண்டாம். உடன் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க இயல வேண்டும்; பேச்சு பாதியில் அறுந்தால் வேகம் மிகுதி என்று கொள்க. நெஞ்சு இறுகினால் உடனே அமர்ந்து, நாவின் அடியில் வைக்க நாங்கள் தந்த மாத்திரையை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். அந்த மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை எங்கள் சீட்டில் நடைக்கான அளவு எழுதப்படாமல் இருந்தால், எழுந்திருக்காமல் கேட்டு வாங்குங்கள்.