வயரும் அவங்களுது, படமும் அவங்களுது

2025 பிப்ரவரி 14, காதலர் தினம். அன்னைக்குத்தான் ஜியோசினிமாவையும் ஹாட்ஸ்டாரையும் கூட்டிக்கட்டி ஜியோஹாட்ஸ்டார்னு பேர் வச்சாங்க. (நல்ல நாள் பாத்துத்தான் கல்யாணம் வச்சிருக்காங்க :-)) மறுநாள் காலையில அருமனை ஜங்ஷன் சாயாக்கடையில அதாக்கும் பேச்சு. பால்வெட்டு முடிஞ்சு வந்த ஆளுங்க, ஸ்கூலுக்கு போற வாத்தியார், ஆட்டோக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"இனி ஐபிஎல் ஓசியா, காசா?"

அவ்வளவுதான். சாயா குடிச்சு முடிச்சு எல்லாரும் கிளம்பியாச்சு.

எனக்கு அன்னைக்கு கோபம்தான் வந்தது. 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள சங்கதி. நூத்துக்கு மேல சானல். 2024 நவம்பர் 14ல இணைப்பு முடிஞ்சு, நீதா அம்பானி தலைவர் ஆகி மூணு மாசம் ஆச்சு. நம்ம ஆளுங்களுக்கு கிரிக்கெட் ஓசியாங்கிறதுதான் கவலை. இணையத்துல மட்டும் என்ன வாழ்ந்தது? 2024 அக்டோபர்ல, டெல்லிப் பையன் ஒருத்தன் 'ஜியோஹாட்ஸ்டார்'ங்கிற பேரை முன்கூட்டியே பதிவு செஞ்சு வச்சுக்கிட்டு, "கேம்பிரிட்ஜ்ல படிக்க பணம் தந்தா தாறேன்"ன்னு கேட்டான் இல்லியா, அதுக்கு வந்த கைதட்டலும் மீமும்தான் இந்த இணைப்புக்கு நாடு காட்டின பெரிய எதிர்வினை! நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா யோசிச்சுப் பாத்தா சாயாக்கடைக்காரங்க மேல கோபப்பட்டது தப்புன்னு தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல எங்க வீட்டுக் கதை. எல்லையோர ஊர் எங்களுக்கு. 80கள்ல ஆன்டெனாவை திருவனந்தபுரம் பக்கமா திருப்பி வச்சு மலையாளம் பாத்து வளந்தவங்க நாங்க. இன்னைக்கும் அம்மைக்கு விஜய் டிவி, சித்திக்கு ஏசியாநெட். ராத்திரி சீரியல் நேரத்துல ரிமோட்டுக்கு நடக்கிற சண்டை முல்லைப்பெரியாறு கணக்குல போகும். இதுல தமாஷ் என்னன்னா விஜய், ஏசியாநெட் ரெண்டுமே ஸ்டார் குழுமம். (ஏசியாநெட் நியூஸ் வேற ஆளுங்களுது, குழப்பிக்காதீங்க.) இப்போ 2018ல வந்த கலர்ஸ் தமிழும் அதே வீட்டுக்குள்ள. நியூஸ்18 தமிழ்நாடு இந்தக் கூட்டுக் கம்பெனிக்குள்ள வராது, ஆனா அதுவும் ரிலையன்ஸ்தான். கையில இருக்கிற போன் சிம்மும் பலருக்கு ஜியோ. ரிமோட் அம்மை கையில இருந்தாலும் சித்தி கையில இருந்தாலும் கல்லாப்பெட்டி ஒண்ணுதான்.

சரி, சானல்தானேன்னு விடலாம். வயர் விஷயம் இருக்கே. 2018லயே டென், ஹாத்வேன்னு நாட்டோட ரெண்டு பெரிய கேபிள் கம்பெனிகளை ரிலையன்ஸ் பிடிச்சிருச்சு. 2023 பிப்ரவரியில புது சானல் விலையை ஒத்துக்கலைன்னு ஸ்டார், ஜீ, சோனி மூணு பேரும் கேபிள்காரங்களுக்கு சிக்னலை நிறுத்தினது ஞாபகம் இருக்கா? கோடிக்கணக்கான வீட்டுல படம் போச்சு. அப்போ சண்டையில ஒரு பக்கம் ஸ்டார், எதிர்ப்பக்கம் நின்ன கேபிள் கூட்டமைப்புல டென்னும் ஹாத்வேயும் உண்டு. ரெண்டே வருஷத்துல ரெண்டு பக்கத்துலயும் ஒரே வீட்டுக்காரங்க. இனி அவங்களுக்குள்ள சண்டை வராது, நல்லது. ஆனா சண்டை போட்டப்ப நமக்காக பேரம் பேச ஒரு ஆளாவது இருந்தது பாத்துக்கிடுங்க.

எங்கூரு கேபிள் அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன். 90கள்ல மொட்டை மாடியில டிஷ் வச்சு, தென்னை மரத்துல இருந்து ரப்பர் மரத்துக்கு வயர் இழுத்து, ஞாயித்துக்கிழமை கேசட்ல புதுப்படம் போட்டு ஊருக்கே நாயகனா இருந்த மனுஷன். மழைக்காலத்துல வயர்ல மட்டை விழுந்தா ஏணியைத் தூக்கிட்டு பாதி ராத்திரியில வருவாரு. இப்போ கனெக்‌ஷன் பாதிக்குப் பாதி இல்ல. "தம்பி, முந்தி சானல்காரன் வெலை கூட்டுனா நாங்க நாலு பேரு சேந்து சத்தம் போடுவோம், அவன் எறங்குவான். இப்ப ஆருகிட்ட போயி சத்தம் போட? அவனுக்கு நான் வேண்டாமே, நேர உன் போனுக்கு வந்திருவானே"ன்னாரு. எந்தப் பத்திரிகையிலயும் இதை இவ்வளவு தெளிவா நான் படிக்கல.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. சுமங்கலி கேபிளும் சன் சானல்களும் ஒரே குடும்பத்து கையில இருந்த காலம். 2007 மே மாசம் ஒரு கருத்துக்கணிப்பு வந்து, மதுரை தினகரன் ஆபீஸ் எரிஞ்சு, மூணு பேர் உயிர் போச்சு. அந்த வருஷமே அரசு கேபிள் கார்ப்பரேஷன் வந்தது. அப்புறம் தூங்கிருச்சு. 2011ல ஜெயலலிதா வந்து மாசம் 70 ரூபாய்னு எழுப்பி விட்டாங்க. நடந்தது குடும்பச் சண்டை, அப்புறம் கட்சிச் சண்டை, எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சண்டையால ஒரு விஷயம் சாயாக்கடை வரைக்கும் வந்து சேந்தது. வயர் வச்சிருக்கிறவனே படமும் வச்சிருந்தா, அவனுக்குப் பிடிக்காத படம் நம்ம வீட்டுக்கு வராது. இதை அன்னைக்கு எல்லாரும் பேசினோம். கலைஞரைப் பிடிக்கும் பிடிக்காது எல்லாம் அதுக்கப்புறம்.

அப்போ 2024ல ஏன் பேசல? சூடு சொரணை போச்சான்னு கேக்கலாம். நான் அப்படி நினைக்கல. 2015ல இணைய சமவாய்ப்பு பத்தி டிராய் கருத்து கேட்டப்ப பத்து லட்சம் பேருக்கு மேல மெயில் அனுப்பினாங்க. 2016 பிப்ரவரியில ஃபேஸ்புக்கோட 'ஃப்ரீ பேசிக்ஸ்' மூட்டையைக் கட்டிச்சு. கதவு இருந்தது, தட்டினோம். இந்த இணைப்புல கதவே இல்ல மக்கா. போட்டி ஆணையம் ரெண்டாவது கட்ட விசாரணைக்கு போனாத்தான் விவரத்தை வெளியிட்டு பொதுஜனத்துகிட்ட கருத்து கேக்கணும்னு சட்டம். இது முதல் கட்டத்துலயே முடிஞ்சிருச்சு. சில சானல்களை வித்துடறோம், கிரிக்கெட் விளம்பர ரேட்டை கண்டபடி ஏத்த மாட்டோம்னு கம்பெனிங்க வாக்கு கொடுக்க, 2024 ஆகஸ்ட் 28ல அனுமதி வந்தாச்சு. கவனிங்க, வாக்குறுதியில முக்கியமா இருந்தது விளம்பரம் கொடுக்கிறவனுக்கு. மாச வாடகை கட்டுற எங்கம்மைக்கும், ஏணி தூக்குற அண்ணனுக்கும் அந்த மேஜையில நாற்காலி இல்ல.

அமெரிக்கால 2014ல காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிளை 4,500 கோடி டாலருக்கு வாங்கப் போனப்ப, அங்க எவன் வேணும்னாலும் ஆணையத்துக்கு எழுதிப் போடலாம். ஜனங்க எழுதினாங்க. 2015 ஏப்ரல்ல காம்காஸ்ட் பின்வாங்கிருச்சு. ஜனங்க எழுதினது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல. எழுத ஒரு இடம் இருந்தது, அதைச் சொல்றேன். இங்கே மீடியா சொத்து ஒரே கையில குவியறது பத்தி 2014லயே டிராய் பரிந்துரை கொடுத்தது. சட்டமா வந்து சேரல.

ஆக, சாயாக்கடையில "ஓசியா காசா"ன்னு கேட்டது மொக்கைக் கேள்வி இல்ல. 2022 ஜூன்ல ஐபிஎல் அஞ்சு வருஷ உரிமை 48,390 கோடிக்குப் போச்சு. டிவிக்கு ஸ்டார், இணையத்துக்கு வயாகாம்18. 2023ல ஜியோசினிமாவில ஓசியா காட்டினதே, டிவியில காசு வாங்கிட்டு காட்டின ஸ்டாரைக் கவுக்கத்தான். கவுக்க வேண்டிய ஆளே கூட்டாளியான அப்புறம் ஓசி எதுக்கு? எங்கூரு ஆட்டோக்காரரு பேலன்ஸ் ஷீட் பாக்காமலே அதைப் பிடிச்சிட்டாரு. நான்தான் லேட்டு.

அடுத்த ஐபிஎல் ஏலம் 2028 சீசனுக்கு. எதிர்ல நின்னு விலை கேக்க ஆரு வருவா, அப்போ போன்ல எவ்வளவு கழிப்பாங்கன்னு பாப்போம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், வெள்ளறடை பக்கமெல்லாம், கேபிள்காரங்க ஒண்ணாச் சேந்து கேரளா விஷன்னு சொந்தமா கம்பெனி நடத்துறாங்க, பிராட்பேண்டும் அவங்களே கொடுக்கிறாங்க. நம்ம பக்கத்துல ஏன் அது நடக்கலன்னு அண்ணன்கிட்ட கேட்டா, "அதெல்லாம் ஒரு கதையாக்கும், பொறவு சொல்லுதேன்"னுட்டு ஏணியை எடுத்துக்கிட்டு போயிட்டாரு. உங்க ஊர் கேபிள் அண்ணன் இன்னும் இருக்காரா? என்ன சொல்றாரு? கேட்டு எழுதுங்க.