மினுக்கம் மேலே, கறள் கீழே

நமது வியாபாரிகளிடையே பழைய வாகனத்துக்குத் தனி மவுசு வந்திருக்கிறது. காரணம் தெரிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே, வளவில் கிடந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் வீட்டிலேயே பெயின்ட் அடித்து மினுக்கி எடுக்கிறார்கள்.

நல்ல முயற்சிதான். ஆனால் வாகரைப் பக்கமிருந்து என் ஹாட்வெயார் கடைக்கு வருவோர் முதலில் கேட்பது, "எந்த பெயின்ட் நல்லது?" என்பதே. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

வாகரைக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. உப்புக் காற்று ஓயாமல் தகட்டில் படிகிறது. கிணறு சவராக இருந்தால், கழுவுவதும் உப்பைப் பூசுவதும் ஒன்றே. உப்பின் மேல் பெயின்ட் அடித்தால், அது ஈரத்தை இழுத்து அடியில் கொப்புளம் கட்டும். கறளை வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்கு காயவைத்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். பட்டி ஈரத்தைக் குடிக்கும். அதைக் காய்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும்.

மாரி காலத்தில் என்.சி. பெயின்ட் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு வெளிறிப்போகும். கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, ஆனால் புழுதி அதிகம். பனி காய்ந்த பின், காற்றுக் கிளம்புமுன் வேலையை முடிப்பது நல்லது. ஹாட்னர் கலக்கும் இரட்டைப் பெயின்டை வீட்டில் விசிறவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, 1500, 2000 இலக்கத் தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதன்பின் கொம்பவுண்ட் போடலாம். நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்பீர்கள். 1990களில் மொரிஸ் மைனரின் உடற்தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்குப் போயின. அந்தக் காரைத் தயாரித்த நாடே நமது தகட்டுவேலையை விலை கொடுத்து வாங்கியது. வேலை நேர்த்தியாக இருந்தால் சந்தை எங்கிருந்தாலும் தேடி வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கறளின் மேல் பட்டியை அப்பி, மினுக்கி விற்பவரின் வியாபாரமோ அடுத்த மாரியோடு முடிந்துவிடும். கதவடியில் கொப்புளம் எழும்போது வாங்கியவர் ஊரெல்லாம் சொல்வார். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதுமல்ல. வெறும் தகடு தெரிந்த நாளில் நான்கு படம் எடுத்து வையுங்கள். விற்கும்போது அவற்றைக் காட்டுங்கள். வாங்குபவரும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போகட்டும். அது ஒட்டாத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கக்கூடும். காந்தத்துக்குப் பயப்படாத விற்பனையாளரிடம் விலை பேசுவதும் இலகு.