நிரபராதியைக் கழற்றிய கதை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை நம் நண்பர் ஒருவர் வலது கையில் கட்டுடன் வந்தார். இடது கையால் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துச் சிறு பித்தளைச் சாமான் ஒன்றை மேஜைமீது வைத்தார். "ஸார், என் ஜீப்பைக் கொதிக்க வைத்த துஷ்டன் இவன்தான். மெக்கானிக் கழற்றிக் கொடுத்துவிட்டார்" என்றார்.

நண்பருக்கு மலையில் சிறிது காப்பித் தோட்டம் உண்டு. தார்ச் சாலை முடிந்தபின் ஆறு கிலோமீட்டர் மண் பாதை. அதில் குழந்தைகளுடன் ஏறுகையில் ரேடியேட்டர் பொங்கிவிட்டது. அவசரத்தில் மூடியைத் திறந்தார், கை வெந்தது. ரேடியேட்டருக்குள் ஜலம் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் ஒரு பங்கு ஆவியாகிச் சீறும். யந்திரம் நன்றாய் ஆறும்வரை அதைத் தொடவே கூடாது.

இனி அந்தத் துஷ்டனைப் பார்ப்போம். அதன் பெயர் தெர்மோஸ்டாட். யந்திரத்திற்கும் ரேடியேட்டருக்கும் இடையே நிற்கும் வாயிற்காப்போன் அது. உள்ளே ஒரு சிமிழில் மெழுகு இருக்கிறது. யந்திரம் குளிர்ந்திருக்கையில் கதவு மூடியிருக்கும். ஜலம் உள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். சுமார் 82 டிகிரியில் (வண்டிக்கு வண்டி சிறிது மாறும்) மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும்.

"நம் வெயிலுக்குக் காப்போன் எதற்கு?" என்று கேட்பவர் அநேகர். யந்திரம் உரிய சூட்டை அடையாவிட்டால் எண்ணெய் வீணாகும், உறுப்புகள் தேயும். அதுமட்டுமா? சில யந்திரங்களில் இக்கதவு திறக்கும்போதே ஒரு குறுக்கு வழியை அடைத்துவிடும். கதவையே எடுத்துவிட்டால் ஜலத்தில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பாராமலே திரும்பிவிடும். குளிர்ச்சிக்குச் செய்த காரியம் சூட்டை வளர்க்கும்!

விசாரணை நம் வீட்டுச் சமையலறையில் நடந்தது. பாத்திரத்து ஜலத்தில் அதை நூலில் தொங்கவிட்டு, உஷ்ணமானியும் வைத்து அடுப்பேற்றினோம். (பாத்திரத்தைக் கேட்டு வாங்கப் பட்ட பாடு தனிக் கதை.) 83 டிகிரியில் கதவு மெல்லத் திறந்தது, இறக்கி ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. குற்றவாளி நிரபராதி என்று தீர்ந்தது.

அப்படியானால் குற்றம் யாருடையது? 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு மோட்டார்களை ஓட்டிச் சென்றார். மணலில் மெதுவாக ஊர்கையில், காற்றும் பின்னாலிருந்து அடித்தால், ரேடியேட்டர் கொதித்துவிடும். ஜலமோ அங்கே உயிருக்குச் சமானம். ஆவி வெளியேறும் குழாயை அவர் பாதி ஜலம் நிரப்பிய ஒரு தகரத்துக்குள் இறக்கினார். ஆவி அதில் குளிர்ந்து ஜலமாயிற்று. தகரமும் கொதித்தால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாய்த் திருப்பி நிறுத்துவார்கள். சூடு தணிந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகரத்து ஜலத்தை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1940-ல் அவர் எகிப்தில் அமைத்த பாலைவனப் படையின் லாரிகளிலும் இந்த ஏற்பாடு இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் காணும் பிளாஸ்டிக் குடுவைக்கும் இதே தத்துவந்தான்.

நண்பரின் மலைப் பாதையிலும் அதே சங்கடம். முதல் கியரில் ஏறும்போது யந்திரம் முழு மூச்சாய் உழைக்கிறது. முகத்தில் அடிக்கும் காற்றோ இல்லை. விசிறி இழுக்கும் காற்று ஒன்றே கதி. டார்ச் விளக்கடித்து ரேடியேட்டரைப் பார்த்தோம். தகடுகளின் இடுக்கெல்லாம் புல் விதையும் காய்ந்த சேறும் அடைத்துக் கிடந்தன. காற்று எங்கே நுழையும்?

மறுநாள் காலை விசிறிப் பக்கத்திலிருந்து மெதுவாய் ஜலம் பாய்ச்சிக் கழுவினோம். பித்தளைக் காப்போனும் தன் இடத்துக்குத் திரும்பினான். அடுத்த ஞாயிறன்று நாமும் உடன் சென்றோம். ஆறு கிலோமீட்டரும் ஏறி முடித்தபோது உஷ்ணம் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.