ஆந்தையின் முகவரி

1937-ம் ஆண்டு. வேல்ஸ் நாட்டில் ஓர் இரவு.

எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயர், ஆந்தையைப் படம் பிடிக்க மறைவிடத்தில் ஏறினார். கூட்டில் குஞ்சுகள். தாய் சும்மா இருக்குமா? இருட்டில் பாய்ந்து முகத்தில் அறைந்தது. அவருக்கு இடது கண் போயிற்று!

அப்படியும் அவர் காமிராவை விடவில்லை.

அன்று இருட்டில் படம் எடுக்கப் பளிச்சென்று விளக்கு அடிக்கவேண்டும். இன்றைய காமிராவுக்கு அந்தி வெளிச்சமே போதும். படத்தில் புள்ளி விழுந்தால் கம்ப்யூட்டர் துடைத்துவிடும்.

பறவைக்கு நல்ல காலம் என்கிறீர்களா? அதுதான் இல்லை. படம் உடனே இன்டர்நெட்டில் ஏறுகிறது. கூடவே இடத்தின் பெயரும்!

2021 ஜனவரியில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவுக்குப் பனி ஆந்தை ஒன்று வந்தது. 1890-க்குப் பிறகு அங்கே அதுதான் முதல் தடவை. சேதி பரவியது. கூட்டம் கூடிவிட்டது.

ஆந்தைகளில் பல பகலில் தூங்குபவை. கிளப்பிவிட்டால் காக்கைகள் துரத்தும். கூட்டை விட்டுத் தாய் பறந்தால் முட்டை ஆறிப்போகும்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். ஆனால் கூட்டுக்கு வழி சொல்பவரை யார் பிடிப்பது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஈ-பேர்டு' என்ற பறவைப் பதிவேடு ஒரு வழி கண்டிருக்கிறது. ஆபத்து மிகுந்த இனம் என்றால் சரியான இடத்தைக் காட்டாது. 20 கிலோமீட்டர் நீள அகலமுள்ள சதுரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் காட்டும்.

நாமும் செய்யலாம். செல்போன் படத்தோடு எடுத்த இடமும் ஒட்டிக்கொண்டு போகும். இருப்பிடப் பொத்தானை அணைத்துவிட்டு எடுங்கள். படம் அதே படந்தான்.