ஆக்கும் கையும் ஆறும் மனமும்

வெள்ளவத்தையிலே மாலை ஐந்து மணிக்குப் பின்னர்க் காலி வீதியைக் குறுக்கே கடக்க முயன்ற எவர்க்கும், ஓய்வு என்பது அகராதியில் மாத்திரம் வாழுஞ் சொல் என்பது விளங்கிவிடும். அலுவலகம் விட்டு மீள்வோர், ரியூசன் வகுப்புக்கு விரையும் பிள்ளைகள், அவர்களை ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிகள், நடந்துகொண்டே கைத்தொலைபேசியிற் பேசுவோர் யாவரும் ஒருவரை ஒருவர் முந்துகின்றனர். கொட்டாஞ்சேனைத் தெருக்களின் நெருக்கமோ சொல்லுந் தரமன்று. இத்தகைய நகரிலே வாழும் நம்மவர் மன அமைதியை எங்கே தேடுகின்றனர்? கோயிலிலே தேடுகின்றனர், நன்று. கடற்கரையிலே தேடுகின்றனர், அதுவும் நன்று. கையகலத் திரையிலே தேடுவோரே இன்று மிகப் பலர். தம் கையால் ஒன்றை ஆக்குவதிலே அதனைத் தேடுவோர் அருகிவிட்டனர் என்பதுதான் நமது கவலை.

கலை என்றவுடன், “அஃது எமக்கு வராது, அதற்கெனப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள்” என்று ஒதுங்குவது படித்தவர் வழக்கம். இவ்வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர், 1877ஆம் ஆண்டில் இக்கொழும்பு மாநகரிலேயே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். அவர் கலை பயின்று கலைக்கு வந்தவர் அல்லர். கல்லும் மண்ணும் ஆராயும் விஞ்ஞானியாக இந்நாட்டுக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கியவர். அத்தொழிலின் பொருட்டுக் கிராமந்தோறும் திரிந்தபோது கைவினைஞரைக் கண்டார். கண்டவற்றை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கலைஞரைத் தனிச் சாதியாகப் பிரித்து வைப்பதும், கலைப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு ஏனையோர் வெறும் பார்வையாளராய் நிற்பதும் அவருக்கு உடன்பாடல்ல. பிற்காலத்தில் பொஸ்ரன் நகர நூதனசாலையிலேயே பல்லாண்டு பணியாற்றியவர் இவ்வாறு கருதினார் என்பது சுவையான செய்தி.

அவர் கருத்துக்கு அரண் செய்வதுபோல அண்மைக்கால விஞ்ஞானமும் ஒன்று கூறுகின்றது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்செல் பல்கலைக்கழகத்தில், கிரிஜா கைமல் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் வளர்ந்தோர் 39 பேரை அழைத்து, களிமண், வண்ணப் பேனை, ஒட்டுச் சித்திரத்துக்கான காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிட நேரம் விரும்பியதைச் செய்யுமாறு விட்டனர். மன நெருக்கடியின்போது உடலிற் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோனை, செய்கைக்கு முன்னும் பின்னும் உமிழ்நீரிலே அளந்தனர். ஏறத்தாழ நால்வரில் மூவர்க்கு அது குறைந்திருந்தது. முன்பு சித்திரம் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அங்கே பெரிதாகத் தோன்றவில்லை. சிறிய ஆய்வுதான், நான்காமவர்க்கு அது குறையவில்லை என்பதையும் மறைக்கலாகாது. எனினும், “எமக்கு வராது” என்போர்க்கு இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

நம் அன்னையர்க்கு இவ்வுண்மையை ஆய்வுகூடம் சென்று அறிய வேண்டியிருக்கவில்லை. தைப்பொங்கலன்று முற்றத்தை மெழுகிப் புள்ளியிட்டுக் கோலம் போடுபவளைப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். விரலிடையிலிருந்து மா ஒரே சீராக இறங்கவேண்டும். அடுப்பிலிருக்கும் பாலையோ, கட்டவேண்டிய வட்டியையோ அப்பொழுது நினைத்தால் இழை பிசகிவிடும். ஆகவே மனம் தானாகவே அடங்குகின்றது. இக்கோலங்களுக்குள் மறைந்து கிடக்கும் ஒழுங்கைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ற் சிறோமணி முதலிய அறிஞர்கள் 1970களிலே கணித இலக்கண முறையால் ஆராய்ந்துள்ளனர். இன்று வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் முற்றம் இல்லை. ஆதலின் அச்சிட்ட கோலத்தை வாசலில் ஒட்டிவிடுகிறோம். வாசலுக்கு அழகு கிடைத்துவிடுகின்றது. ஆனால் கோலத்தின் பயனிற் பாதி வாசலுக்குரியதன்று, போட்ட கைக்குரியது. அப்பாதியைக் கடையில் வாங்க இயலாது.

மாணவர் கொப்பிகளைத் திருத்தும் எவரும் ஒன்று கண்டிருப்பர். முன்பக்கங்களில் இலக்கணப் பயிற்சி இருக்கும். கடைசிப் பக்கத்திலே தேரும் யானையும், கிறிக்கெற் வீரனும், இன்னதென்று பெயரிட முடியாத சுருள்களும் இருக்கும். கவனக்குறைவு என்று சினப்பார் உளர். கவியரசர் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளும் இவ்வாறுதான் இருந்தன என்பதை அன்னார்க்கு நினைவூட்ட விரும்புகிறோம். கவிதையில் வேண்டாத சொல்லை அடிப்பார். அடித்த கோடுகளை இணைப்பார். அவை பறவையாகவும் விலங்காகவும் உருவெடுக்கும். அவ்விளையாட்டே வளர்ந்து, அறுபது வயதுக்கு மேல் அவரை ஓவியராக்கிற்று. 1930ஆம் ஆண்டில் பாரிசிலே அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களை அவர் விட்டுச்சென்றார். 1934ஆம் ஆண்டில் சாந்திநிகேதனக் குழுவினருடன் கொழும்புக்கு வந்து ‘சாபமோசன்’ நாட்டிய நாடகத்தை மேடையேற்றி, ஹொறணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. அவரினும் ஓய்வற்றவர் நம்முள் யார்? நேரமில்லை என்று கூறும் பழைய மாணவ அன்பர்க்கு இன்னொருவரையும் காட்டுவோம். 1915ஆம் ஆண்டில், டாடனெல்ஸ் போரின் தோல்வியாற் பதவியிழந்து மனம் நொந்த வின்ஸ்டன் சேர்ச்சில் தூரிகையைக் கையிலெடுத்தது தமது நாற்பதாவது வயதில்.

இங்கே ஒரு தடை எழலாம். நம் பிள்ளைகள் கலை பயிலவில்லையா? பாடசாலையிலே ஆறாந் தரம் முதல் சித்திரமோ சங்கீதமோ நடனமோ நாடகமோ ஒன்றைப் பயில்கிறார்களே. சனி ஞாயிறுகளிற் பரதநாட்டியமும் மிருதங்கமும் கற்கிறார்களே என்பர். உண்மை. ஆனால் எதற்காகக் கற்கின்றனர்? தரப் பரீட்சைக்காக, தமிழ்த் தினப் போட்டிக்காக, சாதாரண தரத்தில் ஓர் ‘ஏ’ சித்திக்காக, ஈற்றில் அரங்கேற்றத்துக்காக. அரங்கேற்றமோ, சில வீடுகளிலே திருமணச் செலவை எட்டிப்பிடிக்கின்றது. மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போய்விடும். நெருக்கடியிலிருந்து பிள்ளையை மீட்கவேண்டிய கலையே நெருக்கடிகளுள் ஒன்றாகிவிட்டது.

அரங்கேற்றம் பழையதுதானே என்றால், ஆம். ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மன்னன் முன் ஆடி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெற்ற மாதவியின் கதை சிலப்பதிகாரத்தில் உண்டு. அதே மாதவி கடற்கரையிலே யாழ் மீட்டியபோது நடந்ததையும் இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். கோவலன் பாட்டிலே அவள் வேறு பொருள் கண்டாள், அவள் பாட்டிலே அவன் வேறு பொருள் கண்டான், பிரிந்தனர். இசை இருந்தது, கடல் இருந்தது, நிலவு இருந்தது. அமைதி மாத்திரம் இல்லை. பாடுகின்றவர் நெஞ்சு பாட்டில் நில்லாது கேட்பவர் செவியைத் தொடர்ந்து சென்றால் விளைவது அதுவே. மேடைக் கலையை நாம் வெறுக்கவில்லை. மேடையில்லாத கலைக்கும் ஓரிடம் வேண்டும் என்றே வாதிடுகிறோம். பூமாலை கட்டுதல், சாணத்தாற் பிள்ளையார் பிடித்தல், பனையோலையில் ஒரு பெட்டி இழைத்தல், மாலையில் ஒரு தேவாரத்தைப் பண்ணோடு தனியே பாடுதல் முதலியவற்றுக்குப் புள்ளியிடுவார் எவருமில்லை. அதுவே அவற்றின் சிறப்பு.

விழாக் கொண்டாடும் நம் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். மண்டபத்துக்கு வர்ணம் பூசவும், விளையாட்டுத் திடலைச் செப்பனிடவும் அவர்கள் பொருள் திரட்டுவது பாராட்டுக்குரியது. அத்தோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரேயொரு வகுப்பறையைத் திறந்து வைக்கட்டும். களிமண், வெள்ளைத் தாள், வர்ணம், பூவும் நாரும், பனையோலை ஆகியவற்றை மேசையில் வைக்கட்டும். கணக்காளரும் வைத்தியரும் கடை நடத்துவோரும் தம் பிள்ளைகளுடன் வந்து ஒரு மணி நேரம் இருந்து போகட்டும். கைத்தொலைபேசிகளை வாயிலிற் பெற்றுக்கொள்ள ஒரு மாணவத் தலைவன் போதும். போட்டி வேண்டா, சான்றிதழ் வேண்டா, பிரதம விருந்தினரும் பொன்னாடையும் அறவே வேண்டா. செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதும், அங்கேயே பிசைந்துவிட்டுப் போவதும் அவரவர் விருப்பம்.